நான் சுற்றிய பீடி

என் கையால் சுற்றிய பீடியை ஒரு குவியலுக்குள் போட்டுக் கலக்கினாலும் நான் எடுத்துவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பீடியில் என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது? சுற்றுகிற பெண் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவாள். கோலத்தைப் பார்த்து இது யார் போட்டது என்று சொல்லிவிடுகிற மாதிரிதான். அதிலும் நான் இடதுகைக்காரி. மற்றவர்கள் சுற்றினால் இலை ஒரு பக்கமாக ஏறும். என் பீடியில் அதற்கு எதிர்ப்பக்கமாக ஏறும். பீடிக் கடையில் கட்டுகளைச் சரிபார்த்து வாங்குகிற அண்ணாச்சி என்னுடையதைக் கையில் எடுத்ததும், "இது நொட்டாங்கைக்காரி சரக்குலா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். எனக்குச் சுள்ளென்று பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் நினைத்தால் கட்டையே கழித்து ஓரமாகத் தள்ளிவிடலாம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் ஆம்பிளைகளுக்குத் தறி, பொம்பிளைகளுக்குப் பீடி. எண்பதுகளின் தொடக்கம். நான் பத்தாம் வகுப்பு, தம்பி ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை ஆணியில் மாட்டிய மறுநிமிஷம் மடியில் தட்டு வந்துவிடும். தட்டில் அளவாக வெட்டின இலை, நடுவே புகையிலைத் தூள், ஓரத்தில் நூல்கண்டு. காற்றடித்தால் தூள் பறந்துவிடும் என்று கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, மின்விசிறி இருந்தாலும் போடாமல், அம்மாவும் நானும் எதிரெதிரே உட்காருவோம். வெளியே தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுப் பாடத்தை நான் வாயால் சொல்லிக்கொண்டே கையால் சுற்றுவேன். வரலாற்றில் எனக்கு வந்த மார்க்கெல்லாம் இப்படி வந்ததுதான்.

அப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, தம்பியின் பள்ளிக்கூடக் கால்சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஏதாவது இருக்கிறதா என்று கையை விட்டால், பாதி குடித்து அணைத்த பீடித் துண்டு ஒன்று வந்தது. திருப்பிப் பார்த்தேன். இலை எதிர்ப்பக்கமாக ஏறியிருந்தது.

"அடப்பாவி!" என்று கத்தியே விட்டேன்.

"என்னட்டி அங்கன சத்தம்?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, சோப்பு வழுக்கிட்டு."

அவன் பீடி குடித்ததற்கு வந்த கோபம் ஒரு பங்கு என்றால், என் தட்டிலிருந்து எடுத்துக் குடித்தானே என்று வந்த கோபம் மூன்று பங்கு. விரல் நுனி வெடிக்கச் சுற்றுகிறது நான், ஊதித் தள்ளுகிறது துரையா என்று கால்சட்டையைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தேன். அடித்து ஓய்ந்த பிறகுதான் பயம் வந்தது. என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மார்கழிப் பனி விழுந்துவிட்டால் அவன் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி கேட்கும். படுக்க முடியாது. அம்மா அவனைத் தன் தோளில் சாய்த்து உட்கார வைத்துக்கொள்ள, நான் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பேன். பெரியாஸ்பத்திரி டாக்டர், "பையனுக்குப் புகையே ஆகாது, அடுப்படிப் பக்கம்கூட விடாதீங்க" என்று சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட நெஞ்சுக்குள்ளேதான் இந்த மூதி புகையை இழுத்து விட்டிருக்கிறான்.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் எங்களுக்குப் பின்தெருவில் ஒரு பையன் பீடி குடித்து மாட்டிக்கொண்டான். அவனுடைய அப்பா அவனைத் தறி செட்டுத் தூணில் கட்டிவைத்து பெல்ட்டால் விளாசினார். பையன் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பிறகு அதே செட்டில் தறிக்கு நூல் சுற்றித் தார் போட்டுக் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வாசலில் நின்று ராஜா மாதிரி ஊதிக்கொண்டிருக்கிறான். அடித்த அதே அப்பா, "சம்பாரிக்கான், குடிச்சா குடிச்சிட்டுப் போறான்" என்கிறார். எங்கள் அப்பாவும் பீடி குடிப்பார். பெரியவர்கள் குடிப்பதை யாரும் குற்றமாகவே நினைத்ததில்லை. இவர்களிடம் போய் என்ன சொல்வது?

ஆகவே எதிர்வீட்டுக்காரியிடம் சொன்னேன். என் வகுப்புதான் அவளும். அவள் சிரித்தால் தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். நான் பீடித் துண்டை நீட்டியதும் சிரிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒந் தம்பி மட்டுமில்லட்டி. எங்க அத்தை மவன் நெட்டை இருக்காம்லா, அவனும் குடிக்கான். கடைசி வீட்டுப் பயலும் குடிக்கான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எந் தட்டுலயும் குறையுதுல்லா. எனக்குத்தான் எண்ணத் தெரியலன்னு நினைச்சிட்டு இருந்தேன்."

"பெரியவங்ககிட்ட சொல்லிருவமா?"

"கோட்டி பிடிச்சிட்டா ஒனக்கு? சொன்னா அடி. அடிச்சா தறி. அப்புறம் எங்கன போயி நிறுத்த? நம்ம வயசுக்காரப் பயலுவதான? நாமளே பாப்போம்."

இந்த 'நாமளே பாப்போம்'தான் எங்கள் சங்கத்துக்குக் கொள்கை, விதி எல்லாம். சங்கத்தில் ஆள் இரண்டு பேர். விஷயம் தெரிந்த இன்னொரு வகுப்புக்காரி, "என்னட்டி, கட்டிக்கப்போற அத்தானை இப்பமே திருத்துதியோ?" என்று என் தோழியைக் கேலி செய்தாள். "திருந்தாதவனை எவ கட்டுவா?" என்று இவள் திருப்பிக் கொடுத்தாள். பின்னாளில் திருந்தியும் அவள் அவனைக் கட்டவில்லை, அது வேறு கதை.

முதல் யோசனை அவளுடையது. ஆணி அடித்த மாதிரி உறுதியாகச் சொன்னாள்: "காரம்னா என்னன்னு தின்னாத்தான் தெரியும்." மிளகாய் வத்தலை விதையோடு இடித்துத் தூளில் கலந்து, கொஞ்சம் பீடி சுற்றினாள். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதைத் தன் தட்டின் ஓரத்தில் பிரித்து வைத்துவிட்டு, பையன்கள் கைவைக்கட்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். இரண்டு பேரும் குடத்தை வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம்.

பீடி சுற்றுகிற வீட்டில் பிறந்துவிட்டு ஒன்றை நாங்கள் மறந்துபோனோம். எங்கள் வீடுகளில் உதிரிப் பீடி கிடந்தால் அம்மாக்களின் கை சும்மா இருக்காது. போகிற போக்கில் அள்ளி, எண்ணி, நூலைப் போட்டுக் கட்டிவிட்டுத்தான் நிமிர்வார்கள். அவள் அம்மாவும் அப்படித்தான் செய்தாள். கட்டிக் கூடையில் அடுக்கி, நேரே பீடிக் கடைக்குக் கொண்டு போய்விட்டாள்.

குழாயடியிலிருந்து வந்து என் கட்டுகளை எடுத்துக்கொண்டு போன நான் அப்போது கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பீடிகளும் கட்டுக்குள் வந்துவிட்டது எனக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம்: யாருடைய கட்டிலிருந்தாவது ஒரு பீடியை உருவி, தூணில் தொங்குகிற கயிற்றுக் கங்கில் பற்றவைத்து, கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார். அன்றைக்கு அவர் உருவியது என் தோழியின் அம்மா கொண்டுவந்த கட்டில். ஆழமாகத்தான் இழுத்தார். முதலில் கண் பிதுங்கியது. பிறகு, "எம்மா! செத்தேன்!" என்றார். அதற்கப்புறம் பேச்சில்லை, வெறும் இருமல்தான். அந்தப் புகை கடை முழுக்கச் சுற்றி, வரிசையில் நின்ற அத்தனை பேரும் தும்மினார்கள். நானும் தும்மினேன். தும்மிக்கொண்டே, ஐயையோ, இது நம் தோழியின் கைவேலை என்று எனக்கு விளங்கிவிட்டது.

சிரிக்க வேண்டிய இடம்தான், ஆனால் சிரிப்பு வரவில்லை. அண்ணாச்சிக்கு மூச்சு வந்ததும் அந்த அம்மாளின் அன்றைய கட்டுகள் முழுவதையும் தரையில் தள்ளினார். "தூளுல என்னத்தளா கலந்திய? கம்பெனிக்குத் தெரிஞ்சா கார்டை வெட்டிருவான் பாத்துக்க!" என்று கத்தினார். கார்டு இல்லாவிட்டால் கம்பெனி இலையும் தூளும் தராது. அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அவளுக்கு என்ன தெரியும் பாவம்? கழித்துப் போட்ட பீடிகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு அழுதபடியே வீட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலம் முழுக்க என் தோழி தட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. தன் அம்மா இழந்ததை ஈடுகட்ட வேண்டும் என்று குனிந்த தலை நிமிராமல் சுற்றிக்கொண்டே இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து என் பங்குக்குச் சுற்றிக் கொடுத்தேன்.

"ஓட்டப்பம் வீட்டைச் சுடும்ங்கது சரியாப் போச்சுட்டி" என்றாள் கடைசியில். "இனி இந்தத் தந்திரமெல்லாம் வேண்டாம். மூஞ்சிக்கு நேரே போய்க் கேட்டுருவோம்."

பையன்கள் தறி செட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில்தான் குடிப்பார்கள். தறி ஓடுகிற சத்தத்தில் இருமினால்கூட வெளியே கேட்காது. நல்ல இடமாகத்தான் பிடித்திருந்தார்கள். என் தோழி முன்னால் போக, நான் பின்னால் போனேன். எங்களைக் கண்டதும் மூன்று கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. நெட்டையின் தோளுக்கு மேலே புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவன் வானத்தைப் பார்த்தான். என் தம்பி என்னைப் பார்க்கவே இல்லை.

என் தோழி வளவளவென்று பேசவில்லை. பாவாடை மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். அம்மன் கோவில் புற்றுமண். "இதைத் தொட்டுச் சத்தியம் பண்ணுங்க, இனி குடிக்க மாட்டோம்னு" என்றாள்.

மூன்று பேரும் ஒரே எட்டாகப் பின்னால் நகர்ந்தார்கள். எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைகளுக்குப் புற்றுமண் விளையாட்டுப் பொருள் இல்லை. நெற்றியில் பூசி, நாக்கில் வைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதைத் தொட்டுப் பொய் சொன்னால் வீடு தேடிப் பாம்பு வரும் என்று கேட்டே வளர்ந்தவர்கள். கடைசி வீட்டுப் பையன் இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டான்.

"சத்தியமெல்லாம் நம்மால முடியாது" என்றான் நெட்டை. "நாளைக்கே கை அரிச்சுக் குடிச்சிட்டேன்னு வையி, வாசல்ல பாம்பு நிக்கும். வேற ஏதாவது பேசு."

எனக்குக் கோபம் ஒரு பக்கம் வந்தாலும், இன்னொரு பக்கம் அவன்மேல் ஒரு மரியாதையும் வந்தது. வாய்க்கு வந்த சத்தியத்தைச் செய்துவிட்டு மறுநாள் பற்றவைக்கிற ஆள் இல்லையே. ஆனால் தம்பியை நான் விடவில்லை.

"ஏலே, ஒனக்கு இழுப்பு வரும்லா? மார்கழில மூச்சுக்குத் தவிக்கும்போது அம்மைதானல ஒன்னத் தாங்கிட்டு ஒக்காந்திருக்கா? அவளை நினைச்சுப் பாத்தியா? செத்துப் போவலே!"

தம்பி காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். பதில் நெட்டையிடமிருந்துதான் வந்தது.

"படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். சுத்துறது நீங்க, குடிக்கிற நாங்க மட்டும் கெட்ட பயலுவளோ? ஊருக்கெல்லாம் சுத்திக் குடுக்கியள்லா, அவனுக்கெல்லாம் நெஞ்சு இல்லியா? நீங்க சுத்துறதை நிறுத்துங்க. அன்னைக்கே நாங்களும் நிறுத்துதோம்."

புற்றுமண் பொட்டலத்தை மடித்துக்கொண்டு திரும்பி நடந்தோம்.

அன்று தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பீடியையும் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. இதை எவன் குடிப்பான்? சிவகிரிப் பக்கம் வயலில் நிற்கிறவனோ, மெட்ராஸில் ரிக்ஷா மிதிக்கிறவனோ? அவனுக்கும் ஒரு அக்காள் இருப்பாளே? அதுவரை ஒருநாளும் இப்படி நினைத்ததில்லை. எனக்குப் பீடி என்றால் எண்ணிக்கை, அவ்வளவுதான். நெட்டையை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். திட்டிக்கொண்டே சுற்றினேன். நிறுத்த முடியுமா? வாங்கின இலைக்கும் தூளுக்கும் பீடியாகத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒருவாரம் கொடுக்காவிட்டால் கார்டு போய்விடும். அப்பாவின் தறிக் கூலி அரிசிக்கு வந்தால் பருப்புக்கு வராது. அம்மாவிடம் போய், "யம்மா, நெட்டை கேக்கான், நாளையிலருந்து சுத்த வேண்டாம்" என்றா சொல்வது?

இரண்டு நாள் கழித்து என் தோழி வந்தாள். முகம் தெளிந்திருந்தது. "நம்மால நிறுத்த முடியாதுட்டி. முடியாதுங்கதை அவங்ககிட்ட ஒளிக்காம சொல்லிருவோம்" என்றாள். மறுபடி அந்தச் சந்துக்குப் போனோம். அவளே பேசினாள்.

"நீ கேட்டது ஞாயந்தான் வே. ஆனா எங்களால நிறுத்த முடியாது. முடிஞ்சா இந்தச் சவத்தை எவ சுத்துவா? ஒண்ணு மட்டும் கேக்கோம். ஒருநாள் எங்க எடத்துல வந்து ஒக்காந்து சுத்துங்க. சுத்திட்டு, அப்புறமும் குடிக்கணும்னு தோணுச்சுன்னா, நானே சுத்தித் தாரேன். வாய் மடிச்சு, நூல் கட்டி, மரியாதையாத் தாரேன்."

"பொம்பளையாளு வேலையால்லா அது? எவனாவது பாத்தா மானம் போயிரும்" என்றான் நெட்டை.

"கதவைச் சாத்தித்தான் சுத்துவோம். ஒன் மானத்தை உள்ள வச்சுப் பூட்டிக்கிடலாம், வா."

அதற்குத் தம்பிதான் முதலில் சிரித்தான். அவன் சிரித்ததும் மற்ற இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு சாவு வீட்டுக்காகக் கரிவலம்வந்தநல்லூர் பஸ் ஏறிப் போனாள். அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். எங்கள் வீட்டில் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். பையன்கள் முதலில் ஒரே கும்மாளம். நெட்டை சுற்றின முதல் பீடி முருங்கைக்காய் தடிமனில் இருந்தது. "இதைக் குடிக்க ஆனைதான் வரணும்" என்று என் தோழி சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். கடைசி வீட்டுப் பையன் கத்தரிக்கோலால் விரலை வெட்டிக்கொண்டான். தம்பி மட்டும் சட்டென்று பிடித்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து பார்க்கிறவன் இல்லையா? ஆனால் வலது கைக்காரன். அவன் பீடியில் இலை நேர்ப்பக்கமாகவே ஏறியது.

கொஞ்ச நேரத்தில் கும்மாளம் அடங்கியது. மத்தியான வெயில். சாத்திய அறை. வேர்வையில் தூள் ஒட்டி, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் அரிக்கும். மூக்குக்குள், தொண்டைக்குள் அது இறங்கும். எங்களுக்கு அது காற்று மாதிரி பழகிப்போனது. அவர்களுக்கு அன்றுதான் புதுசு. மாறி மாறித் தும்மினார்கள்.

"அந்த ஜன்னலையாவது தொறங்களேன்" என்றான் நெட்டை.

"தொறந்தா தூள் பறக்கும். பறந்த தூளுக்குக் கடையில நீ வந்து பதில் சொல்லுதியா?" என்றாள் என் தோழி.

அவன் மேற்கொண்டு கொஞ்ச நேரம் சமாளித்தான். பிறகு முகம் வெளிறி எழுந்து, பின்வாசலுக்கு ஓடி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். சந்துக்குள் நின்று அத்தனை பீடி குடித்தவனுக்குத் தூளின் வாடை தாங்கவில்லை. என் தோழி சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டுச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எனக்கும் மொதல்ல இப்படித்தான் வந்துச்சு" என்றாள். "எட்டாம் வகுப்புல. போகப் போகச் சரியாயிரும்னுட்டு எங்கம்மை தட்டை மறுபடி மடியில வச்சிட்டா."

"தெனமுமா இப்படி?"

"பின்ன?"

நெட்டை வாயைக் கொப்புளித்துவிட்டு உள்ளே வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பீடியை எடுத்தான். அவளிடமிருந்து களவாண்டதாகத்தான் இருக்கும். நூலை அவிழ்த்து, இலையைப் பிரித்து, தூளை அவள் தட்டில் கொட்டினான். அவளும் அதை மற்றத் தூளோடு சேர்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் கேட்டது. தம்பி குனிந்து சுற்றிக்கொண்டிருந்தான். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

"ஏலே, எந்திரி. போதும், வெளிய போ" என்றேன்.

"இந்தக் கட்டு முடியட்டும்க்கா" என்றான். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் பிடிவாதமாகத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஊருக்குப் புத்தி சொல்லப் போய் என் தம்பியை நானே கொன்றுவிடுவேன் போலிருக்கிறதே என்று அழுகை வந்தது.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. அம்மா நின்றாள். சாவு வீட்டில் தலைமுழுகிய ஈரம்கூடக் காயவில்லை. ஒரு பார்வைதான் பார்த்தாள். நேரே வந்து தம்பியின் மடியிலிருந்த தட்டைப் பறித்தாள்.

"அறிவு கெட்ட மூதிகளா! இவனுக்குத் தூளு ஆகாதுன்னு தெரியாதாட்டி ஒனக்கு?" என்று கத்திக்கொண்டே, பறித்த தட்டை என் மடியில் வைத்தாள்.

மற்ற மூன்று பேரும் சத்தமில்லாமல் நழுவிவிட்டார்கள். அம்மா தம்பியைத் தூக்கி வாசல் பக்கம் காற்று வருகிற இடத்தில் உட்கார வைத்து, நெஞ்சைத் தடவிவிட்டாள்.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தம்பி பீடியைத் தொடவில்லை, இன்றுவரை தொடவில்லை. கடைசி வீட்டுப் பையனும் விட்டுவிட்டான். நெட்டை விட்டான், தறிக்குப் போனபின் பிடித்தான், கல்யாணத்துக்கு முன்னால் மறுபடி விட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுவாரத்திலிருந்து மூன்று பேரும் சாயங்காலங்களில் எங்களுக்கு இலை வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இலையை நனைத்து வெட்டுவதால் அதில் தூசி கிடையாது. திறந்த முற்றத்தில் உட்கார்ந்தே வெட்டலாம். தெருவில் போகிறவர்கள், "என்னலே, பூவும் பொட்டும் எங்க?" என்று கேட்டார்கள். நெட்டை கத்தரிக்கோலை உயர்த்திக் காட்டி, "பக்கத்துல வாங்க அண்ணாச்சி, சொல்லுதேன்" என்பான். எட்டாம் வகுப்புப் பொடியன்கள் தட்டுப் பக்கம் கையை நீட்டினால் இவர்களே மணிக்கட்டைப் பிடித்து, "ஏலே மக்கா, வா, உள்ள போய்க் கொஞ்ச நேரம் ஒக்காரு, அப்புறம் குடி" என்று எங்கள் சாத்திய கதவைக் காட்டுவார்கள். அடி கிடையாது, சத்தியம் கிடையாது. அந்த வருஷம் எங்கள் தெருத் தட்டுகளில் பீடி குறையவில்லை.

இதெல்லாம் நடந்தது உண்மை. ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது இதெல்லாம் இல்லை.

தம்பிக்கு மூச்சு கொஞ்சம் சீராகிக்கொண்டு வந்தது. நான் அழுகையை அடக்கிக்கொண்டு, தட்டோடு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பழக்க தோஷத்தில், மடியிலிருந்த தட்டில் ஒரு இலையை எடுத்துச் சுற்ற ஆரம்பித்திருந்தேன். இரண்டு தடவை இருமினேன். தினமும் இருமுகிற இருமல்தான், எனக்கே அது கேட்காது. தம்பி திரும்பி என்னைப் பார்த்தான்.

"யம்மா" என்றான். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினான். "எனக்குத் தூளு ஆகாது. சரி. அவளுக்கு மட்டும்... ஆகுமா?"

நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. பிறகு எழுந்து வந்தாள். என் மடியிலிருந்த தட்டை எடுத்தாள். அதோடு உள்ளறைக்குப் போனாள். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தூள் பறந்துவிடும் என்று எட்டிக் கதவைச் சாத்திவிட்டுச் சுற்ற ஆரம்பித்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இருமுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் அவளுக்கு எதிரே என் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் இரண்டு பேர் மடியை விட்டால், தட்டை வைக்க எங்கள் வீட்டில் வேறு மடி இல்லை.